ஒவ்வொரு முறையும் வேறு பின்

உட்காரம்மா. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்கார். டீ ஆறிவிடப் போகிறது.

நீ விசாரித்துவிட்டு வந்தது சரிதான். தூசி துடைத்தால் கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் பின், அந்தக் குட்டி ஊசிக்கால், வளையாது. அது ஃபேனுக்கு அடியில், சாக்கெட்டில் பூட்டிக் கிடக்கும் சாமான். உன் துணி அங்கே எட்டவே எட்டாது. விவரம் தெரிந்த எவனும் சிரித்திருப்பான். உன் வீட்டுக்காரன் சிரிக்கவில்லை, ஏனென்றால் சொன்னது அவன் அக்காவான நான், பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள்.

கல்யாணத்துக்கு முன் தம்பி தினமும் என் வீட்டில்தான் சாப்பிடுவான். அப்புறம் தனிக்குடித்தனம். நல்லதுதான், வீடு பார்த்துக் கொடுத்ததே நான். மூன்று மாதம் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு எவனோ ஒரு கடைக்காரன் அவன் கம்ப்யூட்டரில் ஃபேனை, அடியில் இறுகிய பசையைச் சூடாக்கி இளக்காமல் இழுக்க, பிராசசரும் ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. தலைமுடி கனத்தில் இருக்கும் பின்களில் ஒன்று மடங்கிப்போனது. என்னிடம் ஓடி வந்தான். மைக்ரோ டிப் பென்சில் முனையால் நிமிர்த்தினேன். நான்கு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினான், இரண்டு வேளை சாப்பிட்டான். "நீ இல்லன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?" என்றான். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் மாதம் ஒரு ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். அவன் குளிக்கப் போவான், நீ எனக்காக அடுப்படியில் வெந்துகொண்டிருப்பாய். அந்த நேரம் போதும். ஃபேனைக் கழற்றி, கொக்கியைத் தூக்கி, பிராசசரை எடுத்து, ஒரே ஒரு பின்னை வளைப்பேன். ஒரே பின்னைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் வேறு பின். அடுத்தவர் பொருள் என்கிற பொறுப்பு எனக்கு உண்டு. திங்கள் காலை கடை திறக்கும்போது கம்ப்யூட்டர் பெட்டியும் கையுமாக நிற்பான்.

எப்படி வளைகிறது என்று கேட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமே. "அழுத்தித் தொடச்சிருப்பா. சின்னப் பொண்ணுதானே, விட்டுடு" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினேன்.

ஐந்தாவது முறை கம்ப்யூட்டர் படுத்ததில் அவன் போட்ட கட்டட வரைபடம் குறித்த நாளில் போய்ச் சேரவில்லை. பெரிய வேலை, கைநழுவிவிட்டது. அன்றைக்கு அவன் உன்னை ஏசியதும், நீ பெட்டி கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனதும் எனக்கு வருத்தம்தான். இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் ஒன்று. நீ போன இந்த இரண்டு மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஒருமுறைகூடக் கெடவில்லை. தினமும் இங்கேதான் சாப்பிடுகிறான், அப்புறம் நான் ஏன் அதில் கை வைக்கப் போகிறேன்? நேற்று அவனே சொன்னான்: "பாத்தியாக்கா, அவ போனதும் எப்படி ஓடுது!"

நான் வாயே திறக்கவில்லையம்மா. உன்னைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேச எனக்கு மனம் வராது.