கரண்ட் இல்லை

அந்த டியூப்லைட்டுக்கு முதலில் ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லுங்கள், சார். இப்படி விட்டுவிட்டு எரிந்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வீட்டிலும் இதே தொல்லைதான்.

என் மனைவியின் அண்ணன் எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் மாட்டியது அவர்தான். வெந்நீர் ஹீட்டரைப் போட்டால் அது பட்டென்று விழும், வீடே அணையும். உடனே இவள் அண்ணனுக்கு போன் போடுவாள். அவரும் வந்து நின்று, "எங்கேயோ கரண்ட் லீக் இருக்கு மாப்ள. அது விழுந்துதான் நம்ம உயிரைக் காப்பாத்துது" என்று பாடம் எடுப்பார். எனக்கு இருப்புக் கொள்ளாது. ஒருநாள் அந்தச் சுவிட்சை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டேன். அதன்பிறகு அது விழவே இல்லை.

போன வாரம் குளியலறைக் குழாயைத் தொட்டபோது இவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் அன்றைக்கே வந்துவிட்டார். ஹீட்டரைப் பார்த்தபின் போர்டைத் திறப்பார், என் கைவேலையைப் பார்ப்பார், இவள் முன்னால் என் மானம் கப்பலேறும். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"மெயினை இறக்கிடுங்க மாப்ள" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கை வைக்கப் போனேன். அதற்குள் தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. குளியலறை விளக்கு அணைந்ததும், நான் இறக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"கரண்ட் இல்லேல்ல?"

"இல்ல மச்சான்."

மெயினைத் தன் கண்ணால் பார்க்காமல் வயரைத் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்பவர். அன்று எழுந்து வரவில்லை. வந்து பார்த்தால் தங்கை வீட்டுக்காரன் பேச்சை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று விட்டிருப்பார். எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர்.

மெயினை இறக்க மறந்துவிட்டேன் என்று நேற்று இதே ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. இவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இறக்கிட்டீங்களாங்க?" என்று கேட்டாள். தலையாட்டினேன். போன கரண்ட் எப்படியும் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியாதா? கையை மெயின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஃபிரிட்ஜ் உறுமியது. ட்ரிப் சுவிட்சை நான் விட்டுவைத்திருந்தால் அந்தக் கணமே விழுந்திருக்கும். உள்ளே அவர்தான் விழுந்தார். சத்தம் அடங்கிய பிறகு மெயினை இறக்கினேன்.

கொன்றது நான்தான். ஆனால் நான் சொன்னபோது கரண்ட் இல்லை, சார். எழுதும்போது அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் பொய் சொன்னேன் என்று நாளைக்கு ஒருவரும் பேசக்கூடாது.