சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்காத ஆசிரியைக்கு

வகுப்பறைச் சுவரை வாசலாக்கிய வல்லமையே! வரைபடத்தில் விளையும் வயல்களோடு வெறும் வயிறுகளையும் காட்டிய வாய்மையே! பணிவாகப் பேசி, எவருக்கும் பணியாமல் வாழ்ந்த பெருந்தகையே! மாணவர் நாவில் "சனிக்கிழமை டீச்சர்" என்று நிலைத்துவிட்ட எங்கள் புவியியல் ஆசிரியையே! முப்பது ஆண்டுப் பணி முடித்து விடைபெறும் தங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள் நிமிர்ந்த தலையோடு வாசித்தளிக்கும் மடல் இது.

உணவு உற்பத்திப் பாடம் நடத்திய ஒருநாள், "இவ்வளவு விளையுதே, அப்புறம் ஏன் சிலர் பட்டினி கிடக்கிறாங்க?" என்று கேட்டீர்கள். "சோம்பேறிங்க டீச்சர், அதான்" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது. தாங்கள் சினக்கவில்லை, சொற்பொழிவும் ஆற்றவில்லை. அந்தச் சனிக்கிழமையே வகுப்பு முழுவதையும், பேருந்து நிலையத்தின் பின்புறம் இல்லாதோர்க்கு இலவசமாக உணவு வழங்கும் கூடத்துக்கு அழைத்துச் சென்றீர்கள். பிள்ளைகள் கிழங்கு உரித்தார்கள், அண்டா கழுவினார்கள், தட்டேந்தி வந்தவர்களுக்குப் பரிமாறினார்கள். வரிசையில் இரவுப்பணி முடித்த காவலாளியும், கையில் கட்டுப் போட்ட கொத்தனாரும் நின்றார்கள். ஒரு சோம்பேறியைக்கூட அந்த மாணவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன, எதிர்ப்பும் எழுந்தது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய், "என் பொண்ணு படிக்க வந்தாளா, கண்டவங்களுக்குச் சாப்பாடு போட வந்தாளா?" என்று கேட்க, அரங்கம் கைதட்டியது. அப்போது, கதவோரம் நின்றிருந்த பள்ளி வண்டி ஓட்டுநர் முன்னே வந்தார்.

"அந்தக் கண்டவங்கள்ல நானும் ஒருத்தன்மா. உங்க பொண்ணைத் தினமும் பத்திரமா வீட்டு வாசல்ல இறக்கி விடுறவன். போன வாரம் அந்தப் பொண்ணுதான் என் தட்டைப் பார்த்துட்டு, 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா மாமா?'ன்னு கேட்டுச்சு. நல்லா வளர்த்திருக்கீங்க."

கைதட்டிய கைகள் மடிக்குத் திரும்பின. தாளாளர் சீறினார்: "பள்ளிக்கூடத்து மானத்தை வாங்குறியா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே. டீச்சர், நீங்களும் இதோட நிறுத்திக்குங்க."

தாங்கள் எழுந்தீர்கள். "நிறுத்த மாட்டேன் ஐயா. நம்ம வண்டியை ஓட்டுறவரே அந்த வரிசையில நிக்கிறார்னா, மானம் போனது அவர் பேச்சால இல்ல, நாம கொடுக்கிற சம்பளத்தால. அவரை அனுப்பினா என்னையும் சேர்த்து அனுப்புங்க!"

நாங்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பின்னே வந்து நின்றோம். பெற்றோர் பக்கத்திலிருந்து முதலில் எழுந்து வந்தவர், கேள்வி கேட்ட அதே தாய்.

ஓட்டுநரின் வேலை நிலைத்தது, சம்பளமும் உயர்ந்தது. தங்களுக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலி மட்டும் இளையவர் ஒருவருக்குப் போனது. ஆறுதல் சொல்ல வந்த எங்களிடம், "நாற்காலி போனா போகட்டும், சனிக்கிழமை போகலையே" என்று சிரித்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அது வலித்தது என்று எங்களுக்குத் தெரியும். மறுவாரமும் முதல் ஆளாகக் கூடத்தில் நின்றீர்கள் என்பதும் தெரியும்.

தங்களோடு இந்தச் சனிக்கிழமைப் பணியும் ஓய்வு பெறும் என்று நிர்வாகம் நேற்று அறிவித்திருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாகப் பெரியோரின் முகத்துக்கு நேரே, மறைக்காமல், மழுப்பாமல், உரக்கச் சொல்கிறோம்: பசிக்கு இன்னும் ஓய்வு வயது வரவில்லை! வரும் வாரமும் பிள்ளைகள் போவார்கள். நாங்களே அழைத்துச் செல்வோம். பெற்றோரும் சம்மதம் தந்துவிட்டார்கள். தடுக்க நினைப்பவர்கள் எங்கள் அனைவரையும் சேர்த்தே தடுக்கட்டும்!

உண்பது உடலில் ஒட்டி, உறக்கத்தில் குறைவின்றி, முழங்கால் வலி முற்றும் நீங்கி, நினைத்ததை நேருக்கு நேர் சொல்லும் அந்த நாவோடு நூறாண்டு கடந்தும் வாழ்வீர்களாக!

நிர்வாகத்தின் இந்த ஓர் ஆணைக்கு மட்டும் இணங்க மறுக்கும்,
தங்கள் சக ஆசிரியர்களும் அலுவலர்களும்