பக்கத்து அறைக் கதவு வரை

அவையை அமைதியாய் ஆளும் தலைவர் அவர்களே, அனுபவத்தில் கனிந்த பெரியோர்களே, அடுப்பையும் அலுவலகத்தையும் அசராமல் சுமக்கும் தாய்மார்களே, என்னோடு தொழில் புரியும் உணவியல் வல்லுநர்களே! எல்லோருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

நம் பணியின் எல்லை எது என்று வரையறுக்கக் கூடியிருக்கிறோம். எல்லை என்றதும் சிலருக்கு முகம் சுருங்குகிறது. பின்வரிசையில் ஒரு தம்பி, நம் கையைக் கட்டிப்போடவா இந்தக் கூட்டம் என்கிறார். பொறுங்கள் தம்பி, சொல்கிறேன்.

போன மாதம் மருத்துவமனையில் என் அறைக்கு ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறவர். சட்டைக்கு அளவு கொடுக்க வந்த உடற்பயிற்சிக்கூடத்துக்காரர், அளவோடு ஆலோசனையும் கொடுத்திருக்கிறார். அரிசி கூடாது, கோதுமை கூடாது, பழமும் கூடாது! நம்மவர் தைப்பதில் மட்டுமா நேர்த்தி? சொன்னதைச் செய்வதிலும் நேர்த்தி! சாப்பாட்டை விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கி வந்தார். சிரிக்கிறீர்கள், அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஊசியில் நூல் கோத்துப் பழகிய விரல்கள் நடுநடுங்கின.

சோதித்தேன். சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்திருந்தது. உடனே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா என் கையைப் பற்றிக்கொண்டார்.

"மாத்திரையை நிறுத்திடலாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. டாக்டரைப் பாக்க ரொம்ப நேரம் காத்திருக்கணும்."

சொல்லத் தெரியாதா எனக்கு? நுனிநாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் மருந்து என் பொறுப்பல்ல. அவரைக் கைத்தாங்கலாகப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், வரிசையைத் தாண்டிக் கதவைத் தட்டினேன். மருத்துவர் பார்த்து மாத்திரையைக் குறைத்தார். குறைத்த கையோடு, சோற்றை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஆரம்பித்தார்.

"டாக்டர், அது என் வேலை" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. சிரித்தபடி ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்று நான் வகுத்தேன். அதற்கேற்ப அவர் மருந்தை அமைத்தார்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "சட்டைக்கு அளவு குடுக்க வந்தவரும் நல்ல மனசோடதான் சொன்னாரு. யாருகிட்ட எதைக் கேக்கணும்னு எங்களுக்கு யாரும்மா சொல்றது?"

தம்பி, அந்தக் கேள்விக்கு இந்த மன்றம் பதில் சொல்ல வேண்டாமா? நோய்க்கேற்ற உணவை வகுக்கும் உரிமை யாருக்கு? முறையாகப் பயின்ற நமக்கு! மருந்தை மாற்றும் உரிமை யாருக்கு? மருத்துவருக்கு! இடையில் நோயாளி தத்தளித்தால் தாங்கிப் பிடிக்கும் கடமை யாருக்கு? அதுவும் நமக்கே! தலைவர் அவர்களே, தீர்மானத்தில் அதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் எல்லை முடியும் இடத்தில் கைவிரிக்க மாட்டோம், கைப்பிடித்து அடுத்த கதவு வரை நடப்போம் என்று எழுதுங்கள்!

இதோ, என் பின்னால் தொங்கும் இந்த மேடைத்திரையை அந்தத் தையற்காரர்தான் சென்ற வாரம் தைத்துக் கொடுத்தார். போகும்போது கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். தையல் ஓர் இடத்திலும் கோணவில்லை.

செவிமடுத்த அன்பு நெஞ்சங்களுக்கு நன்றி கூறி, மீண்டும் கைகுவிக்கிறேன். வணக்கம்.