பார்பா லிவியோ போட்ட மார்க்

– மார்க் எவ்வளவு, பார்பா லிவியோ? அதை முதல்ல சொல்லுங்க. கதையெல்லாம் அப்புறம்.

– கேட்டியா நெரீனா! உன் கடையில இது என்னிக்காவது நடந்திருக்கா? மார்க் கேக்குறா. பெரியவர்னு மரியாதையா 'பார்பா'ன்னு கூப்பிட்டுட்டு, என் மூஞ்சியைப் பாத்து, வாயைத் திறந்து கேக்குறா!

– மொரானா, முதல் நாளே சொன்னேனா இல்லியா கண்ணு? இங்க ரெக்கார்டு மாத்திக்க வர்ற யாரும் மார்க் மட்டும் கேக்கக் கூடாது. கேட்டவர் உறை மேல விமர்சனம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கடைசியில தானா சொல்லுவார். உக்காரு, காபி குடி.

– காபி வேண்டாம் நெரீனாக்கா. பன்னெண்டு மணிக்குள்ள எனக்கு மார்க் வேணும்.

– பன்னெண்டா? இது என்ன படகா, நேரத்துக்குக் கிளம்ப? நான் ஒரு ரெக்கார்டை மூணு தடவை கேப்பேன். ரெண்டு தடவை வீட்டுல, ஒரு தடவை இங்க, எல்லார் முன்னாடியும்.

– எல்லாரும்னா யாரு? நானும் நெரீனாக்காவும் பூனையும்தான் இருக்கோம்.

– பூனைக்கு உன்னைவிட நல்ல காது. ஆமா, உனக்கு ஏன் இவ்வளவு துடிப்பு? இந்த ரெக்கார்டை எனக்கு வச்சது நீயா?

– பேரில்லாத உறையில ஒருத்தருக்கொருத்தர் ரெக்கார்டு வைக்கிற கண்கட்டுச் சுத்துல, யாரு வச்சதுன்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே பார்பா?

– சொன்னேன். அதனாலதான் அந்த ஹங்கேரி அக்கார்டியன் ரெக்கார்டைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சுட்டும் வாயைத் திறக்கல. "மாட்டு டாக்டர் வீட்டுக் கல்யாணத்துல, மாடு வர்றதுக்கு முன்னாடி வாசிச்ச மாதிரி இருக்கு." இதெல்லாம் ஒரு விமர்சனமா? நாலு மார்க்!

– அஞ்சு போட்டிருப்பேன். ரெண்டாம் பக்கத்தையும் கேட்டுத் தொலைச்சேன். அதை எனக்கு வச்சது யாருன்னு நான் கேக்கல. ஆனா அவருக்கு மீசை இருக்கும், பெரிய மீசையா இருக்கும்னு தோணுது.

– நெரீனா, இவளைப் பேச விடாதே. நான் கையைக் கழுவிட்டு வரேன். கழுவாத கையோட ரெக்கார்டைத் தொடுற ஆளு நான் இல்ல.

– சோப்பு குழாய்க்குப் பின்னாடி இருக்கு லிவியோ.

– உள்ள போயிட்டாரா?

– தண்ணிச் சத்தம் கேக்குதுல்ல. ரெண்டு தடவை சோப்புப் போடுவார், நேரம் இருக்கு. ஆனா மெல்லப் பேசு. ஏண்டி இப்படி என் மானத்தை வாங்குற? அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சுன்னா?

– வரட்டுமே. என் ரெக்கார்டு, என் பாட்டு, என் குரல். நான் ஏன் திருடி மாதிரி நிக்கணும்?

– அவருக்குத்தான் அது தெரியாதே. பேரு இல்லாம, படம் இல்லாம, வெறும் காகித உறையில போட்டு நான் கொடுத்தேன். இப்படிச் செய்யச் சொன்னதும் நீதானே.

– பேரோட கொடுத்துப் பாத்தோமே பிப்ரவரியில. 'ஈரக் கயிறு'ன்னு எங்க பாண்டு பேரைப் பெருசா எழுதி, பின் அட்டையில எங்க நாலு பேர் மூஞ்சியையும் போட்டு. அதோ, உங்க தலைக்கு மேல கொடியில தொங்குது, படிங்க.

– வேண்டாம் கண்ணு. எனக்கு மனப்பாடம்.

– எனக்கும்தான். "நாலு பொண்ணுங்க பொழுது போகாம எழுப்புன சத்தம். பாடுற பொண்ணு கப்பல் வரையப் படிச்சவளாம். வரையவே போகட்டும். மூணு." பத்துக்கு மூணுக்கா! அவர் எத்தனை பாட்டு கேட்டார்?

– ஒண்ணுகூட முழுசா கேக்கல. நான் பாத்துட்டுத்தானே இருந்தேன். நீ பாட வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே ஊசியைத் தூக்கிட்டார். உங்க போட்டோவைப் பாத்துத்தான் எழுதினார்.

– அதைத் தொங்கவும் விட்டீங்க.

– கையெழுத்துப் போட்ட உறையை ஜூன் மாசம் வரைக்கும் யாரும் எடுக்க முடியாது. அது அவருக்கும் வழக்கம், எனக்கும் வழக்கம். சரி, அதை விடு. ஜெர்மனியில அந்த பிரேமன் ஊர் வேலைக்குப் பதில் சொல்ல இன்னிக்குத்தான் கடைசி நாளாமே? மீன் மார்க்கெட்டுல உங்க அப்பாவைப் பாத்தேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார்.

– அவர் சொல்லுவார். முப்பது வருஷம் கப்பல் தளத்துல முகமூடியைப் போட்டுக்கிட்டு இரும்பை ஒட்ட வச்ச மனுஷன். எங்க குடும்பத்துல காலேஜ் படியை மிதிச்ச முதல் ஆள் நான்தான். பொண்ணு ஜெர்மனியில ஆபீஸ்ல உக்காந்து கப்பல் வரையப் போறான்னா சும்மா இருப்பாரா? பெட்டியே வாங்கிட்டார். சிவப்புப் பெட்டி. கட்டிலுக்குப் பக்கத்துல நிக்குது, போலீஸ்காரன் மாதிரி.

– நல்ல வேலைடி. நல்ல சம்பளம்.

– நல்ல வேலைதான். யார் இல்லன்னாங்க? நான் போனா பாண்டு அன்னிக்கே முடிஞ்சுது. அதையும் யார் இல்லன்னாங்க?

– அதான் இப்படி நெருப்பு மேல நிக்குறியா! இப்பப் புரியுது. லிவியோ ஏழுக்கு மேல போட்டா ஊர்ல இருப்பே. கீழ போட்டா பெட்டியைத் தூக்குவே. பன்னெண்டுக்குள்ள பதில் சொல்லணும். அப்படித்தானே?

– நீங்களே அப்படி வச்சுக்கோங்க.

– அட கடவுளே. எட்டுக்கு மேல யாருக்குமே போடாத மனுஷன் கையிலயா உன் வாழ்க்கையைக் கொடுத்திருக்கே! உஷ், தண்ணி நின்னுடுச்சு.

– என்ன குசுகுசுன்னு? நகரு பொண்ணே. ரெக்கார்டோட ஓரத்தை மட்டும் பிடிக்கணும், இப்படி. இப்ப யாரும் பேசக் கூடாது. கேட்டியா?

– இன்னும் பாட்டே ஆரம்பிக்கல பார்பா. வெறும் கரகரப்பு.

– அந்தக் கரகரப்பைத்தான் சொல்றேன்! இது சாதாரணக் கீறல் இல்ல. நாப்பது வருஷக் கீறல். எத்தனை வீடு, எத்தனை விருந்து பாத்த ரெக்கார்டோ!

– நெரீனாக்கா, பூனை ஏன் இப்ப மேசைக்கு அடியில ஒளியுது?

– தெரியலயே கண்ணு. ரெண்டு வாரமா அதுக்கு வழவழப்பா கிடக்குற எது மேலயும் ஏறி நகம் தீட்டுற பழக்கம்.

– பேசாதீங்கன்னேன்! இந்த பேஸ் கித்தாரைக் கேளு. ட்ரம்ஸுக்கு ஒரு அரை அடி பின்னாடியே வருது. வீட்டுக்குப் போக மனசில்லாதவன் நடக்குற மாதிரி. ஆனா ஒரு இடத்துலகூட வழி தப்பல. இப்ப வருவா பாரு, அந்தக் குரல்... வந்துட்டா. அடடா!

– எப்படி இருக்கு குரல்?

– இது வாழ்ந்து பாத்த குரல். வயசு நாப்பதுக்குக் குறையாது. ரெண்டு கல்யாணம் ஆகியிருக்கும், ரெண்டும் தேறியிருக்காது.

– ரெண்டா!

– சிரிக்காதே. உன் வயசுப் பொண்ணுங்களுக்கு இந்தக் குரல் வராது. வெல்டிங் பொறி பறக்குறதைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, மூணாவது. அப்பன் சாயங்காலம் வந்து சாப்பாட்டு மேசையில உக்காந்தா, கண்ணு கூசுதுன்னு விளக்கைப் போட விட மாட்டான். வீடே இருட்டுல சூப்பு குடிக்குது. அதைக் கேட்டுட்டு நேத்து நான் சமையலறையில விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருந்தேன். என் பொண்டாட்டி வந்து, செத்துட்டியான்னு கேட்டா.

– ...அந்தப் பாட்டு பிடிச்சுதா?

– பிடிச்சுதாவா? என்ன கேள்வி இது! ஆனா நாலாவது பாட்டுல ட்ரம்பெட் அதிகம். பாதியில நிறுத்தியிருக்கணும்.

– அதைத்தான் நானும்... அதிகம்தான். பாதியில நிறுத்தியிருக்கணும்.

– பரவாயில்லையே, உனக்கும் கொஞ்சம் காது இருக்கு. இப்ப சொல்றேன், கேட்டுக்கோ. இது பூலா துறைமுகத்துல எழுபத்தொம்பதுல பதிவு பண்ணது. கடற்படை கிளப்புல வாசிச்சிட்டிருந்த குழு. பேரு நாக்கு நுனியில நிக்குது. அந்தப் பாடகியை எனக்குத் தெரியும். பச்சை கவுன் போட்டிருப்பா. இடைவேளையில அவகூட நான் ஆடியிருக்கேன்!

– எழுபத்தொம்பதுல நீ ஸ்கோப்யேவுல பட்டாளத்துல உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தே லிவியோ. எனக்குக் கடுதாசி போட்டியே.

– லீவுல வந்தேன்!

– லீவுல வந்தப்ப என்கூடத்தானே ஆடினே. நான் பச்சை கவுன் போட்டதே இல்லையே.

– நெரீனா, வரலாற்றைக் குழப்பாதே. பேனாவைக் கொடு. எழுதுறேன், சத்தமாவே சொல்றேன். "இப்படி ஒரு ரெக்கார்டு நம்ம கடலோரத்துல பொறந்துச்சுங்கறதுக்கு நாம மார் தட்டிக்கலாம். பாடகி யாருன்னு தெரியாதவங்க வெக்கப்படணும். இன்னிக்கு யாருக்கும் இப்படிப் பாட வராது. ஒன்பது. லிவியோ சுபெரினா."

– ஒன்பதா!

– ஒன்பதுதான். ட்ரம்பெட்டுக்கு ஒண்ணு குறைச்சேன்.

– கையெழுத்து?

– போட்டாச்சு பொண்ணே.

– கொடுங்க, கொடியில நானே மாட்டுறேன். துணி கிளிப்பு எங்க அக்கா? இங்கயா... இல்ல, இங்க வேண்டாம். இதோ, இந்த பிப்ரவரி உறைக்குப் பக்கத்துல. தோளோட தோள் ஒட்டி.

– ஏன் அங்க? அந்தக் குப்பைக்குப் பக்கத்துல எதுக்கு?

– அக்கா தங்கச்சி ஒரே வீட்ல இருக்கட்டுமேன்னுதான். ரெண்டும் ஒரே ரெக்கார்டு பார்பா.

– எது ஒரே ரெக்கார்டு?

– மூணும் ஒன்பதும். ஊசியைத் தூக்காம இன்னும் ரெண்டு நிமிஷம் கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நாப்பது வயசு இல்ல, இருபத்தி நாலு. கல்யாணம் ஒண்ணுகூட ஆகல. பச்சை கவுன் கிடையாது. சூப்பு குடிச்சது எங்க வீட்ல.

– ...நெரீனா?

– என்னைப் பாக்காதே லிவியோ. கீறல் மட்டும் பூனையோடது.

– பூனையா! நாப்பது வருஷம்னு நான்... கடவுளே. இந்த ஊர்ல நான் இனி எப்படி மீன் வாங்கப் போவேன்? அந்த உறையைக் கொடு. ரெண்டையும் கொடு. கிழிச்சுடுறேன்.

– கையெழுத்துப் போட்ட உறையை ஜூன் வரைக்கும் எடுக்கக் கூடாது பார்பா. வழக்கம்.

– சரி, மூணை மட்டுமாவது கொடு. ஒன்பதுன்னு திருத்திடுறேன். முழு மனசோட திருத்துறேன்.

– வேண்டாம். உங்களுக்குக் காது இல்லன்னா நான் கோவப்பட்டிருக்கவே மாட்டேன். இருக்கு. நாலாவது பாட்டுல ட்ரம்பெட் அதிகம்னு ஊர்ல ஒருத்தர்கூட சொல்லல, நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. அவ்வளவு நல்ல காதை வச்சுக்கிட்டு போட்டோவைப் பாத்து மார்க் போட்டீங்களே, அதான் எரியுது.

– ...திட்டு. திட்டு பொண்ணே. அந்தச் சூப்புப் பாட்டு எழுதினவ என்னை என்ன வேணா சொல்லலாம்.

– அடுத்த ரெக்கார்டையும் உங்களுக்குத்தான் கொடுப்பேன். பேரோட. முழுசா கேக்கணும்.

– கையைக் கழுவிட்டுக் கேக்குறேன். மூணு தடவை.

– ஐயோ, மணியைப் பாரு! ஓடு கண்ணு, பிரேமனுக்கு ஃபோன் பண்ணு. ஒன்பது வந்தாச்சுடி, வேலை வேண்டாம்னு சொல்லு. பன்னெண்டாகப் போகுது!

– கொஞ்சம் நில்லுங்கக்கா, ரெண்டு உறையும் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்குறேன். பார்பா, தலையை நகத்துங்க. ஆச்சு. பன்னெண்டுக்கு மூடுறது பிரேமன் இல்லக்கா, அச்சகம். சனிக்கிழமை கச்சேரிக்கு போஸ்டர் அடிக்கணும். மூணும் ஒன்பதும் பக்கத்துல பக்கத்துல, கீழே இவர் கையெழுத்தோட.

– என் கையெழுத்தோடயா!

– பிரேமன் என்னடி ஆச்சு? உங்க அப்பா வாங்கின சிவப்புப் பெட்டி?

– அது நிறைய ரெக்கார்டு அடுக்கியாச்சு, கச்சேரியில விக்க. அப்பாகிட்ட இப்ப போய்ச் சொல்லணும். கத்துவார். கத்தட்டும்.

– அப்ப வேலையை எப்படி வேண்டாம்னு சொன்னே? மார்க்கே இப்பத்தானே வந்துச்சு?

– கதவைச் சாத்திட்டுப் போறேன், மலைலேருந்து வர்ற புரா குளிர்காத்து உள்ள அடிக்குது. பிரேமனுக்கு வேண்டாம்னு எழுதி ரெண்டு மாசமாச்சுக்கா. பார்பா மூணு போட்டாரே, அன்னிக்கே.