சரியான கதவு எண்ணைக் கொடுக்கவும்

தாம்பரம் பக்கம் கதவு எண் ஒரு பெரிய தலைவலி, சார். ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று இருக்கும், புதிய எண் ஒன்று இருக்கும். வீட்டுக்காரர்கள் இரண்டையும் நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுவார்கள். இங்கேயே வளர்ந்தும் எனக்கு அது தோன்றவில்லை. வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் எங்கள் கம்பெனி ஆப்பில், கதவு எண் பெட்டியில் இலக்கம் மட்டும்தான் வரலாம் என்று விதி எழுதிவிட்டேன். வேறு எதைத் தட்டினாலும் பெட்டி சிவக்கும், ‘சரியான கதவு எண்ணைக் கொடுக்கவும்’ என்று வரும், பதிவு நின்றுவிடும். அதன் கீழே உதவிக்கு ஒரு நம்பர் இருக்கும். சின்னக் கம்பெனி என்பதால் அது என் நம்பர்தான்.

அப்படித்தான் செல்லம்மா அக்கா முதலில் கூப்பிட்டார். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. கணவர் சவுரிமுத்து, திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர். சிலிண்டர் இல்லாமல் அவரால் மூச்சுவிட முடியாது.

“இன்னா தம்பி, எத்த போட்டாலும் செவப்பா காட்டுது,” என்றார். நானே பதிவு செய்து கொடுத்தேன். போனை வைக்கப்போகும்போது, “கொரலு ஒரு மாதிரி கீதே, சாப்ட்டியா?” என்று கேட்டார்.

சிறுசேரி ஐ.டி. கம்பெனி வேலை போன பிறகு ஊரப்பாக்கத்தில் ஒரே ரூமில் இருந்துகொண்டு இந்த வேலையைப் பார்க்கிறேன். என்னிடம் பேசுகிறவர்கள் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள்தான். அவர்களும் லொகேஷன் கேட்பதோடு சரி. அம்மா இறந்த பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாளே விதியைத் திருத்தினேன். கோடு வரலாம், எழுத்தும் வரலாம். எல்லோருக்கும் சரியாகிவிட்டது. அக்காவின் வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு விதி சேர்த்தேன். நோயாளி பெயர் சவுரிமுத்து என்று இருந்தால், கதவு எண் எதுவானாலும் தவறு. பெரிய வேலை ஒன்றுமில்லை, எங்கள் தொழிலில் இதெல்லாம் இரண்டு வரி.

அதற்குப் பிறகு சிலிண்டர் தேவைப்படும்போதெல்லாம் அக்கா கூப்பிட்டார். “உன் ஆப்பு ஒரே பேஜாரு தம்பி,” என்று திட்டிக்கொண்டேதான் ஆரம்பிப்பார். அப்புறம் வீட்டில் என்ன குழம்பு, சவுரிமுத்து அண்ணன் தூங்கினாரா, ஹாஸ்டலில் படிக்கும் மகள் சினேகா பேசினாளா, எல்லாம் வரும். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார். நான் போகவில்லை, போனே எனக்குப் போதுமாக இருந்தது. அந்த நாட்களில் சிலிண்டர் ஒருமுறைகூடத் தாமதமாகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலேஜ் லீவுக்கு சினேகா வந்தாள். “இனிமே பொண்ணு பாத்துக்கும் தம்பி. உனுக்கு தொல்ல இல்ல,” என்றார் அக்கா, சந்தோஷமாக. தொல்லை என்று அவர் சொன்னது எனக்கு வலித்தது. விதியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போனை வீட்டிலேயே வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போயிருக்கிறார். சிலிண்டர் தீரப்போகிறது என்று சினேகா ஆப்பைத் திறந்தாள். யார் எதைத் தட்டினாலும் என் கம்ப்யூட்டரில் தெரியும். பழைய எண்ணைப் போட்டாள். புதிய எண்ணைப் போட்டாள். கோட்டோடு, கோடு இல்லாமல், வீட்டின் பெயரைச் சேர்த்து, இப்படி என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். ஆப்பை மூடித் திறந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த வயதுப் பிள்ளைகள் போன் செய்து பேசமாட்டார்கள், சார். ஆப்பே செய்துவிடும் என்று நம்புகிறவர்கள்.

நான் இங்கிருந்து ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் பதிவாகியிருக்கும். சிலிண்டர் வண்டி அப்போது பக்கத்திலேயே, பெருங்களத்தூரில் சும்மாதான் நின்றது. நான் போனைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டேன். ரிங் கேட்காமல் போய்விடக் கூடாது என்று ஃபேனைக்கூட நிறுத்தினேன்.

கடைசியாக வந்ததில் கதவு எண் பெட்டியில் எண்ணே இல்லை. ‘அப்பாவுக்கு மூச்சு வரல யாராவது வாங்க’ என்று இருந்தது. அதற்கும் பெட்டி சிவந்துதான் இருக்கும். பிறகு எதுவும் வரவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போதே அண்ணன் இறந்துவிட்டார் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விதியை எழுதியது நான். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான். எதையும் மறுக்கவில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பெண் ‘யாராவது’ என்று எழுதியிருந்தாள், சார். அதுதான் மனசு ஆறவில்லை. அந்த வீட்டில் என்னைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. நான் அவர்களைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.