வாடை பக்கம் போவாதீங்க

ஓடிக்கொண்டிருக்கிறேன். காலை 6.53. ஒரு செருப்பு கழன்றுவிட்டது. எல்லோரும் கடற்கரையிலிருந்து சாலையை நோக்கி வருகிறார்கள். நான் சாலையிலிருந்து கடற்கரைக்குள் போகிறேன்.

சத்தம் 6.51க்குக் கேட்டது. அது வெடிச்சத்தம் இல்லை. முதலில் இரும்பில் இரும்பு மோதியது போல ஒரு 'டங்'. பிறகு சீறல். குக்கர் விசில் போல. அது நிற்கவில்லை. அப்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். ஏழு மணி வண்டிக்காக. கையில் டிபன் பாக்ஸ். அதை எங்கே போட்டேன் என்று தெரியாது.

தரையோடு வெள்ளையாக ஒன்று ஊர்கிறது. பனியில்லை. பனி கண்ணைக் கிழிக்காது. அமோனியா. எங்கள் குப்பத்தின் நடுவே மணலுக்கு அடியில் உர ஆலைக்குப் போகும் குழாய்.

"துணிய நனைச்சி மூக்குல கட்டு! தண்ணி ஊத்து! தண்ணி!"

நான் கத்துகிறேன். சிலர் செய்கிறார்கள். சிலரால் என்னைப் பார்க்கவே முடியவில்லை. கண்களை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு பெண் சுவரில் மோதி விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஓடினாள்.

வலைக்கூடம் எனக்கு நேர் எதிரே. நூறு அடி இருக்கும். நான்கு தூண்களும் ஒரு தகரக் கூரையும்தான். காலையில் எட்டுப் பேர் உட்கார்ந்து வலை பழுது பார்ப்பார்கள். என் நைனா, என் அப்பா, அங்கே இருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே வெள்ளை.

"வாடை பக்கம் போவாதீங்க! வாடை பக்கம் போவாதீங்க!"

மூன்று முறை கத்தினேன். நான்காம் முறை குரல் வரவில்லை.

வெள்ளைக்குள் நிழல்கள் நிற்பது தெரிகிறது. ஒரு கை மேலே உயர்கிறது. நைனாவின் கை. படகில் மற்றவர்களை நிறுத்த அப்படித்தான் உயர்த்துவார். நிழல்கள் திரும்புகின்றன. கேட்டுவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு யாரோ என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். ஆலையின் சங்கு 7.09க்கு ஊதியது. அதன் வாய் ஆலைக்குள் பார்த்திருந்தது. எங்களுக்கு மெல்லத்தான் கேட்டது.

நான் ஸ்டெல்லா. வயது இருபத்து நான்கு. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தேன். பாலிடெக்னிக்கில் கருவியியல் படித்தேன். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தண்ணீர் ஆலையில் வேலை. அழுத்தமானிகளையும் அளவுக் கருவிகளையும் சரிபார்ப்பேன். எண்ணுவதும் பட்டியல் போடுவதும் என் தொழில். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தெரியாது.

அது கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். வாசல்களில் காகித நட்சத்திரங்கள் இன்னும் தொங்கின. காற்று வடக்கிலிருந்து வீசியது. பகல் பதினோரு மணிக்குத்தான் எங்களை உள்ளே விட்டார்கள்.

மஞ்சள் தடவிக் காயவைத்திருந்த மீன்கள் எல்லாம் சிவந்து கிடந்தன. தெய்வானை அக்கா வலைக்கூடத்திலிருந்து நாற்பது அடி தெற்கே குப்புறக் கிடந்தார். திருப்பினோம். கழுத்தில் தாலிக்கயிறு சிவப்பாக இருந்தது. இரத்தம் என்று நினைத்தேன். இரத்தம் இல்லை. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டுப் பாடம்.

நைனா இன்னும் பத்தடி தெற்கே இருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கை ரீட்டா அக்காவின் முந்தானையைப் பிடித்திருந்தது. இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

எல்லோரும் தெற்கே கிடந்தார்கள். அது எனக்குப் புரியவில்லை. சம்பவத்துக்கு முந்தைய மாதம் மாதா கோயில் திடலில் நானே வகுப்பு எடுத்திருந்தேன். மூங்கிலில் ரிப்பன் கட்டிக் காட்டினேன். கசிவு உங்களுக்குப் பக்கத்தில் என்றால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போங்கள் என்றேன். நைனா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காற்றைப் பற்றித் தனக்கே பாடம் எடுக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். வடக்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தார்கள். ஒன்பது நாள். அங்கேதான் அந்தப் பேச்சு தொடங்கியது. நாம் ஏன் அங்கே இருந்தோம். ஏன் நாம் மட்டும்.

ஆரோக்கியம் அத்தை நைனாவின் தங்கை. கணவரை இழந்தவர். நான்கு வருடத்துக்கு முன் குடியிருப்பு வாரிய வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. கோயில் மண்டபத்தில், ஜெபம் முடிந்த பிறகு. கேட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான் வீடு. நைனாவின் சீட்டு வந்தது. அத்தையின் சீட்டு வரவில்லை. மூன்றாம் மாடியில் வலையை எங்கே விரிப்பது என்று சொல்லி நைனா அதை அத்தை பெயருக்கு விட்டுக்கொடுத்தார். நான் கோபப்பட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

இப்போது மண்டபத்தில் எங்களோடு இருக்க வந்த அத்தை எல்லோரிடமும் ஒன்றையே சொன்னார். எல்லாம் மாதாவின் சித்தம். ஏழையாகப் பிறப்பதும் அவள் சித்தம். சீட்டு வந்ததும், அண்ணன் கொடுத்ததும், அண்ணன் போனதும்.

கபாலி மாமா அதை ஏற்கவில்லை. நைனாவின் தோஸ்து. தெய்வானை அக்காவின் கணவர். வலைக்கூடத்தில் இருந்து தப்பிய மூவரில் ஒருவர்.

"உங்க மாதாக்கு வேற வேலயே இல்லியா? குப்பத்து ஜனத்த புடிச்சி உலுக்கிக்கினு குந்தினு கீறாங்களா?" என்றார். "அதெல்லாம் லக்கு. மவராசன் வூட்ல பொறந்தா மவராசன். நம்ம வூட்ல பொறந்தா நாம. அவ்ளோதான்."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். "வாய கழுவு கபாலி."

"தண்ணி வரட்டும், கழுவறேன்."

சிலர் சிரித்தார்கள். மண்டபத்தில் தண்ணீர் வருவது மாலையில் ஒரு மணி நேரம்தான். கபாலி மாமா சிரிக்கவில்லை.

ஆறாம் நாள் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கணும். நாங்க வாடை பக்கம்தான் ஓடிக்கினு இருந்தோம். கண்ணு தெரில. ஆனா மூஞ்சில காத்து பட்டுச்சு, நல்ல காத்து. இன்னும் பத்து எட்டு வெச்சா வெளிய. நீதான வாடை பக்கம் போவாதீங்கன்னு கத்துன. வாடைல இன்னா இருந்துச்சு?"

முதலில் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு வாடை என்றால் வடக்குக் காற்று. வாடை பக்கம் என்றால் வடக்கு. எங்கள் வீட்டில் கெட்ட வாசனைக்கு நாத்தம் என்போம், கப்பு என்போம். வாடை என்று சொல்ல மாட்டோம். பாலிடெக்னிக் விடுதியில் நான் கப்பு என்று சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். மீன் விற்கிறவள் மாதிரி பேசுகிறாள் என்றார்கள். மூன்று வருடத்தில் மாற்றிக்கொண்டேன். 'ஒரு மாதிரி வாடை அடிக்குது' என்று சொல்லப் பழகினேன். சம்பளம் வருகிற இடத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

அன்று காலை நாற்றம் வரும் பக்கம் போகாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். வடக்கே போகாதீர்கள் என்று அவர்களுக்குக் கேட்டது. சரியான திசையில் ஓடிக்கொண்டிருந்தவர்களை நான் நிறுத்தினேன்.

மாமாவிடம் சொன்னேன். முழுவதும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நைனா கைய தூக்கினாரு. 'பொண்ணு சொல்லுது, வாடை வோணாமாம், திரும்புங்க'ன்னாரு. தெய்வானை திரும்பிட்டா போல. நான் பாக்கல. நான் எப்ப யார் பேச்ச கேட்டேன். நேரா போனேன். பின்னாலயே வரான்னு நெனச்சிக்கினு போனேன்."

எழுந்து போய்விட்டார்.

எட்டாம் நாள் விசாரணை. அதே மண்டபம். மேடையில் மணமக்கள் உட்காரும் இடத்தில் மேசை. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் ஆலையின் சார்பில் ஒருவர். அவர் மரியாதையாகவே பேசினார். மாற்று வீடு தர அரசு முன்வந்தது, மக்கள் அங்கேயே இருக்க முடிவு செய்தார்கள் என்றார். வடக்கே போயிருந்தால் ஒருவரும் இறந்திருக்க மாட்டார்கள், படிப்பறிவில்லாத மக்கள், பதற்றத்தில் தவறான திசையில் ஓடிவிட்டார்கள் என்றார். வறுமை ஒரு துயரம், ஆனால் சில முடிவுகள் அவரவர் எடுப்பவை என்றும் சொன்னார்.

என் பெயர் பட்டியலில் நான்காவது. அத்தை என் கையைப் பிடித்தார்.

"அத மட்டும் சொல்லிடாதடி. அவனுங்க அதையே புடிச்சிக்குவானுங்க. மாதா சித்தம்னு சொல்லிட்டு எறங்கு."

அத்தை சொன்னது சரி. நான் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆலைக்கு ஒரு காரணம் கிடைக்கும். இறந்தவர்களின் வீடுகள் அதற்கு விலை கொடுக்கும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களில் ஐந்து பேர் இல்லை.

கபாலி மாமா பின்னால் நின்றிருந்தார். இரண்டு நாளாக என்னோடு பேசாதவர்.

"சொல்லு," என்றார். "என் பொண்டாட்டி ஒண்ணும் பேமானி இல்ல. காத்து தெரியாதவ இல்ல. சொன்ன பேச்ச கேட்டா. அத எவனாவது எழுதணும்."

மேடை ஏறினேன். சொன்னேன். அவர்கள் பதற்றத்தில் ஓடவில்லை. சரியாக ஓடினார்கள். எச்சரிக்கை ஒன்று கேட்டது. அதை மதித்துத் திரும்பினார்கள். எச்சரித்தது நான். சொல் தவறியது என்னிடம். தட்டச்சு செய்தவர் ஒரு கணம் நிறுத்தினார். அதிகாரி தொடரச் சொன்னார்.

ஆலையின் அலுவலர் அப்படியென்றால் என்று ஆரம்பித்தார். நான் முடிக்கவில்லை என்றேன்.

குழாய் மணலில் இறங்கும் இடத்தில் கசிவு காட்டும் கருவி ஒன்று உண்டு. அதன் தலையில் கறுப்பு பாலித்தீன் பை கட்டியிருந்தது. கருவாட்டு நாற்றத்துக்கே அலறுகிறது என்று காவலாளி சொன்னார். பையைக் கட்டச் சொன்னது ஒரு மனிதர். நான் அதை ஏழு மாதம் பார்த்தேன். இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. சங்கை உள்பக்கமாகத் திருப்பி வைத்தது ஒரு மனிதர்.

வரைபடம் மேசைமேல் இருந்தது. காட்டச் சொன்னேன். துறைமுகத்திலிருந்து ஆலைக்குக் குழாய் நேராக வருகிறது. இரண்டு இடத்தில் வளைகிறது. ஒன்று ஒரு சரக்குக் கிடங்கின் முன்னால். இன்னொன்று ஊழியர் குடியிருப்பின் முன்னால். குழாயை வளைக்க ஒரு எல்போ, முழங்கை போல வளைந்த ஒரு துண்டு, போதும். எங்கள் குப்பம் அந்தப் படத்தில் 'காலி இடம்' என்று எழுதப்பட்டிருந்தது. அங்கே எல்போ இல்லை.

இறங்கிவிட்டேன்.

நாம் ஏன் அங்கே இருந்தோம் என்ற கேள்விக்கு நான் யோசித்தது இவ்வளவுதான். அத்தைக்கு அது மாதாவின் சித்தமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவரால் தூங்க முடியாது. மாமாவுக்கு அது லக்காகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பிப் பார்க்காமல் ஓடியது அவர் குற்றமாகிவிடும். ஆலைக்கு அது எங்கள் முடிவாக இருக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. நான் மூவரையும் பார்த்தேன். அந்த முதல் இருவரிடமும் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

நைனா ஒரு முடிவு எடுத்தார், தங்கைக்கு வீடு கொடுத்தார். இன்னொரு முடிவு எடுத்தார், என்னைப் படிக்கவைத்தார். அவர் எடுத்ததெல்லாம் நல்ல முடிவுகள். எங்கள் வீட்டு முடிவுகள் எங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். குழாய் எங்கே வளைய வேண்டும் என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை. வறுமை என்று நான் அறிந்தது அதைத்தான்.

விசாரணை முடிவு இன்னும் வரவில்லை. குழாய் பழுதுபார்க்கப்பட்டது. ஓடுகிறது.

எண்ணிக்கை.

வலைக்கூடத்தில் எட்டுப் பேர். திரும்பாதவர்கள் இருவர். திரும்பியவர்கள் ஆறு பேர்.

பிழைத்தவர் ஒருவர். லூர்து. வலக்கண் போய்விட்டது.

இறந்தவர்கள் ஐவர்.

பவுனம்மா, அறுபத்தேழு. நண்டு விற்பவர்.

அந்தோணி, நாற்பத்து நான்கு. அவர் மனைவி ரீட்டா, முப்பத்தொன்பது. ஒரே வலையின் இரண்டு முனைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வானை, ஐம்பத்தொன்று. காற்று தெரிந்தவர்.

வலைகள் பதினொன்று. நாய்கள் நான்கு. கோழிகளை யாரும் எண்ணவில்லை.

சூசை, ஐம்பத்தெட்டு. என் அப்பா. மகள் சொன்னதைக் கேட்டார்.