மூன்றாம் மாடியில் பச்சை வெளிச்சம்

அழைப்பு மணி அலறியபோது அடுப்பிலிருந்து குங்குமப்பூ பன்களை எடுத்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் காவல் சீருடையில் நீங்கள். நல்ல நேரத்தில்தான் வந்தீர்கள் தம்பி, பன்னைச் சூட்டோடு சாப்பிட வேண்டும். உட்காருங்கள். மேல் வீட்டு ஹோகனின் விளக்குகளைப் பற்றித்தானே? சொல்கிறேன்.

பதினெட்டு வருடமாக இந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் தலைவி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு வந்தால் எங்கள் ஜன்னல்கள் அத்தனையிலும் இளமஞ்சள் விளக்கு எரியும். சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் நம் யாவ்லே ஊரில் யாரும் வேறு நிறத்தை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. உங்களுக்குத் தெரியாததா.

கோடையில் ஹோகன் மீன்பிடிக்கப் போனபோது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்தார். ஆள் இருப்பதுபோல் மாலையில் விளக்குப் போட, அவருடைய வண்ண விளக்குகளின் செயலியையும் என் போனில் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்ததும் சாவியை மறக்காமல் வாங்கிக்கொண்டார். செயலியை மறந்துவிட்டார். நினைவுபடுத்துவது என் வேலை இல்லையே.

நவம்பரில் மாடிப்படியில் பார்த்தபோது, சோல்வெய் என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ஜனவரியில் வீட்டை விற்றுவிட்டு அவளோடு மால்மோவுக்குப் போகிறாராம். வாழ்த்தினேன். மனதார.

முதல் ஞாயிறன்று மாலை அவர் ஜன்னலைப் பச்சையாக்கினேன். வெறும் காலுறையோடு இறங்கி வந்தார்.

"கன்வோர், என் ஜன்னல் தவளை மாதிரி இருக்கு. தெருவே நின்னு பாக்குது."

"முதல்ல காபி குடிங்க. தானா சரியாயிடும்."

சரியானது. மேசைக்கடியில் போனில் ஒரு தொடல்தான்.

மறுநாள் சிவப்பு. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்வதில்லை, எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில் பெயரில்லாமல் சீட்டு ஒட்டுவோம். 'மூணாவது மாடி, துறைமுகம்னு நெனச்சு கப்பல் உள்ள வந்துடப்போகுது' என்று ஒன்று. 'கொஞ்சம் வெட்கம் வேணாமா?' என்று இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு சீட்டுகள். முதல் சீட்டு மட்டும்தான் நான் எழுதியது.

ஒவ்வொரு சீட்டையும் பிய்த்துக்கொண்டு தலைவியிடம் வந்தார். பன்னிரண்டு சீட்டு, பன்னிரண்டு காபி. "உங்க பொறுமை யாருக்கும் வராது கன்வோர்" என்றார் ஒருநாள். அப்படி என்னிடம் யாரும் சொன்னதில்லை.

போன புதன்கிழமை சோல்வெய் வந்து சேர்ந்தாள். குரல் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது.

"ஒரு பல்பை அடக்கத் தெரியல, என்னை எப்படிய்யா அடக்கப்போறீங்க? நாளைக்கு நானே எல்லாத்தையும் கழட்டி வீசறேன்."

விளக்கு இல்லையென்றால் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் காபி இல்லை.

வியாழன் மாலை நான்கு மணி துணி துவைக்க ஹோகனின் முறை. கல்யாணத்துக்கே தாமதமாகப் போனாலும் போவோம், துவைக்கும் முறையைத் தவறவிட மாட்டோம். பட்டியல் போடுவது நான்தான், எனக்குத் தெரியும். அவர் கூடையோடு படியிறங்கினார். டிசம்பர் இல்லையா, வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. என் தலைக்கு மேல் நாற்காலி இழுபடும் சத்தம். அவள் ஏறியதும் அது கிறீச்சிட்டது. கோப்பையைக் கீழே வைத்தேன். மேல் வீட்டின் எல்லா விளக்குகளையும் ஒரே தொடலில் அணைத்தேன்.

சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது.

ஆம்புலன்ஸுக்கு முதலில் போன் செய்தது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் உள்ளே இருட்டில் தடுமாறக் கூடாதே என்று விளக்குகளை மறுபடி போட்டதும் நான்தான். வழக்கமான இளமஞ்சள். இடுப்பெலும்புதானே, இந்தக் காலத்தில் எவ்வளவோ செய்கிறார்கள். பன்கூடக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று ஹோகன் வந்தார். யார், எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார்கள் என்பதெல்லாம் செயலியில் பதிவாகுமாம். எனக்குத் தெரியாது. வாசலிலேயே நின்று, "ஏன் கன்வோர்?" என்று மட்டும் கேட்டார். காபி வேண்டாம் என்றுவிட்டார். இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் அது ஒன்றுதான்.

போனை எடுத்துக்கொள்ளுங்கள், வேறு வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்? உள்ளே வரும்போது சொன்னீர்களே, உங்கள் வீட்டிலும் இதே விளக்குகள், நிறம் சரியாக அமையவே மாட்டேன் என்கிறது என்று. கேட்கவே பாவமாக இருந்தது.

"நான் வந்து சரி பண்ணித் தரட்டுமா தம்பி? செயலியில என் பேரையும் ஒரு ஓரமா சேத்துடுங்க, அது போதும்."